கடைசிக் குழியில் ஒரே அடி

இதில் ஒரு சொல் பொய்யென்றால் மிச்சமிருக்கும் என் ஏழு பற்களும் இன்றே உதிரட்டும். ஏழுதான் என்று எண்ணிச் சொன்னவர் எங்கள் பல் டாக்டர். சந்தேகமிருந்தால் அவரையே கேட்டுக்கொள்ளலாம்.

வருடத்துக்கொருமுறை நாங்கள் நான்கு பேர், மூன்று நாள், கோல்ஃப் ஆடப் போவோம். லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நான், பல் டாக்டர், தையற்காரர், என் மனைவியின் தம்பி. முப்பத்தொரு வருடப் பழக்கம். கோல்ஃபில் குறைந்த அடியில் பந்தைக் குழிக்குள் போடுகிறவன் கெட்டிக்காரன். நாங்கள் அடிகளில் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

கடைசியாக வருகிறவனுக்கு ஒரு தண்டனை உண்டு. மற்றவர்கள் முன்னால் வீட்டுக்குப் போன் போட்டு, மனைவியிடம் “நீ சொன்னது சரி” என்று சொல்ல வேண்டும்.

இந்த முறை எனக்கு அது வாழ்வா சாவா என்றாகிவிட்டது. கிளம்பும் அன்று காலையில் மனைவி சொன்னாள்: “முட்டி தேஞ்சாச்சு, கண்ணும் சரியாத் தெரியல. இந்தத் தடவை நீங்கதான் கடைசி. அப்படி மட்டும் வந்தீங்க, அந்த மட்டைப் பை இந்த வீட்டு வாசப்படி ஏறக் கூடாது. சொல்லிட்டேன்.”

பை போனால் பயணமும் போச்சு. ஏமாற்றவும் வழியில்லை. அடிகளை எண்ணுகிறவன் அவள் கூடப்பிறந்த தம்பி. சுவருக்குக் காது மட்டும்தான். இவனுக்கு வாயும் உண்டு.

கடைசி நாள், கடைசிக் குழி. கடைசி இடத்துக்கு நானும் பல் டாக்டரும்தான் போட்டி. அதுவரை அவரைவிட எனக்கு இரண்டு அடி அதிகம். ஒருவர் முடித்த பிறகே அடுத்தவர் அடிப்பது எங்கள் வழக்கம். டாக்டர் நான்கே அடியில் முடித்துவிட்டுக் குழியருகே இடுப்பில் கை வைத்து நின்றார்.

“மாமா, அக்காவுக்கு இப்பவே போன் போட்டு வைக்கவா?” என்றான் மைத்துனன்.

“ஒரே அடியில போட்டா நான் தப்பிச்சேன்ல?”

“போடுங்க பார்ப்போம்,” என்றார் தையற்காரர். “போட்டுட்டா, இனிமே நான் சொன்ன தேதிக்கே சட்டை தைச்சுக் குடுக்கறேன்.”

என் பையிலிருந்து நீள மட்டையை உருவி, ஒரு சுழற்று சுழற்றினேன். பந்து நேராகப் போகவில்லை. என் பந்துகளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வலப்பக்க மரத்தில் மோதி, கொட்டகையின் தகரக் கூரையை மூன்று முறை தட்டி, புல்வெட்டும் வண்டியின் இருக்கையில் போய் அமர்ந்தது. அது தெரியாமல் வண்டிக்காரர் அதன்மேல் உட்கார்ந்தார். அவர் அலறி எழுந்த வேகத்தில் பந்தும் மேலே எழும்பியது. முட்டை என்று நினைத்து ஒரு காக்கை கவ்விக்கொண்டு பறந்தது. கடித்துப் பார்த்தது, உடையவில்லை. வெறுத்துப்போய் விட்டுவிட்டது. பந்து வந்து விழுந்தது பல் டாக்டரின் அகலத் தொப்பியில்.

டாக்டருக்கு ஒரு தொழில் தோஷம். ஓட்டை எதைக் கண்டாலும் குனிந்து உள்ளே பார்ப்பார். தன் பந்தை எடுத்துக்கொண்ட பிறகும் குழியை விட மனமில்லாமல் ஒருமுறை நன்றாக எட்டிப் பார்த்தார். “ஆ காட்டுங்க” என்று சொல்லாததுதான் குறை. தொப்பி சாய்ந்தது. பந்து அவர் மூக்கு வழியே உருண்டு குழிக்குள் இறங்கியது.

“செல்லாதுடா!” என்று குதித்தார் டாக்டர். “காக்காவுக்கு யாரு மட்டை குடுத்தது?”

எங்கள் சட்டத்தில் ஒரே வரிதான்: பந்தில் கை படக் கூடாது. மைத்துனன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான்.

“டாக்டர், உங்க கை பட்டுதா?”

“இல்ல.”

“காக்காவுக்குக் கையே கிடையாது. மாமாவுக்கு ஒரு அடி. நீங்கதான் கடைசி.”

பெண் எடுத்த வீட்டிலிருந்து எனக்கு நியாயம் கிடைத்தது அன்றுதான்.

டாக்டர் போனைக் கொட்டகை மேசைமேல் வைத்து, எல்லோரும் கேட்கும்படி, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: “நீ சொன்னது சரி.”

அந்தப் பக்கம் அவர் மனைவியின் குரல், “ராங் நம்பர்,” என்றது. அந்த அம்மா போனை வைத்துவிட்டார்.

வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தோம். அடுத்த வருடத்துக்கு அறையும் சொல்லிவைத்தாயிற்று. வீட்டு வாசலில் இறங்கி, மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மனைவியின் கண்ணெதிரே வாசப்படி ஏறினேன்.

அந்தப் பையை அவள் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டது, நாங்கள் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு. இப்போது என் பல் எத்தனை என்று மட்டும் டாக்டரைக் கேட்டுவிடாதீர்கள்.