அத்தை வீட்டு அடுப்பு

நான்கு பெண்கள் சேர்ந்து வாழைக்காய் வெந்த வாழையிலைப் பொதியை அடுப்பிலிருந்து இறக்கினார்கள். ஆவி எழுந்ததும் நமூலி அதை நோக்கித் திமிறினாள். அவளுடைய இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்துப் பிடித்து, நல்வோகா மகளைப் பாயில் இழுத்து உட்காரவைத்தாள். வீட்டுக்குள் நாத்தனார் நக்கிமேராவின் உடலை மரவுரியில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நேற்றுக் காலை காப்பித் தோட்டத்தில் மார்வலி வந்து சாய்ந்தவள். நாலு மணிக்கு அடக்கம்.

"அத்தை எங்க? அத்தைகிட்ட போணும்," என்றாள் நமூலி. அவளுக்கு ஏழு வயது.

நல்வோகாவுக்கு வயிறு எரிந்தது. செத்தும் விடமாட்டாள் போலிருக்கிறதே!

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். நமூலியின் வயிறோ யாருக்கும் பிடிபடாதது. எவ்வளவு தின்றாலும் அதற்குப் போதும் என்று சொல்லத் தெரியாது. கருவிலேயே வந்த கோளாறு, மருந்து கிடையாது, விட்டால் தின்றே செத்துப்போவாள் என்று கம்பாலாவில் டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து நல்வோகா சமையலறைக்குப் பூட்டுப் போட்டாள். அளந்து கொடுத்தாள், அழ விட்டாள். பெற்ற பிள்ளையைப் பட்டினி போடுகிறவள் என்று ஊர் பேசியது. நல்ல பெயரெல்லாம் நக்கிமேராவுக்குப் போயிற்று. மதியமானால் குழந்தை அவள் வீட்டுக்கு ஓடும். இருட்டும்வரை அங்கே அழுகைச் சத்தமே கேட்காது.

திருட்டுத்தனமாக ஊட்டாமல் இது எப்படி நடக்கும்? நல்வோகா குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தாள், பாவாடையை உதறிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. நிறுத்துப் பார்த்தால் எடையும் ஏறவில்லை. தராசுதான் பழுது என்று சொல்லிக்கொண்டாள். போன வாரம், மூத்தவள் என்றும் பாராமல் வேலியோரம் நின்று கத்திவிட்டாள்: "தின்னக் குடுத்து என் புள்ளய என்கிட்டேர்ந்து பிரிக்கிறியா? ஒண்ணு பெத்துப் பாரு, தெரியும்!" பிள்ளையில்லாத நக்கிமேரா திரும்பி உள்ளே போனாள்.

பக்கத்து வீட்டு நந்தேஸா தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். வாழைக்காய் மசியலும் பீன்ஸும். காலையிலிருந்து நல்வோகா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"சாப்பிடு தங்கச்சி. பாவம், அவளுக்கும் ரெண்டு வாய் குடேன்."

"நீங்களுமா? ஊட்டிக் கெடுக்கத்தான் ஒரு ஆள் இருந்தாங்களே."

"யாரு, நக்கிமேராவா? நல்லா சொன்ன போ! அவிச்ச கிழங்கு கொண்டுபோய் எத்தன தடவ நான் வாங்கிக் கட்டிக்கிட்டேன் தெரியுமா? புள்ள வாசம் புடிச்சிரும், தூக்கிட்டுப் போடின்னு வாசல்லயே தொரத்துவா. பகல்ல அவ அடுப்பே மூட்டமாட்டா. நீ இவள கூட்டிட்டுப் போன பின்னாடிதான் அவளுக்குச் சாப்பாடு. அதுவரைக்கும் ரெண்டும் பசியோட கட்டிப் புடிச்சுக் கெடக்கும்."

"எதுக்காம்?"

"நானும் கேட்டேன். தனியாப் பசிச்சாத்தான் புள்ள அழும்னு சொன்னா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எங்க கேட்ட? திட்டத்தானே செஞ்ச."

ஊட்டியிருந்தால் மன்னித்திருக்கலாம். இதைத்தான் தாங்க முடியவில்லை. மகளைப் பூட்டுக்கு வெளியே அழ வைத்துவிட்டு, உள்ளே நின்றபடியே அவசர அவசரமாக விழுங்கிய நாட்களெல்லாம் நல்வோகாவுக்கு நினைவு வந்தன. பெற்றவளுக்கல்லவா இது தோன்றியிருக்க வேண்டும்? அடிப்பாவி, இதிலுமா என்னை முந்திக்கொண்டாய் என்று, உள்ளே கிடந்தவள்மேல் பொறாமை பொங்கியது.

"எடுத்துட்டுப் போங்கக்கா."

"வீம்பு புடிக்காத."

"எடுத்துட்டுப் போங்கன்னா!"

தட்டு முற்றத்தைத் தாண்டிப் போகும்வரை நமூலி அதையே பார்த்தாள். பிறகு திரும்பி, அம்மாவின் வாயருகே மூக்கைக் கொண்டுவந்து முகர்ந்தாள். சந்தேகம் தீராமல் இன்னொரு தடவை முகர்ந்தாள்.

"அம்மாவுக்குப் பசிக்குதா?"

"பசிக்குதுடி."

"எனக்கும்," என்று சொல்லி மடியில் தலையை வைத்தாள்.

உடலை வெளியே தூக்கி வந்தார்கள். ஒப்பாரி எழுந்தது, எல்லோரும் எழுந்து நின்றார்கள். குழந்தையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, நல்வோகா மட்டும் எழாமல் உட்கார்ந்திருந்தாள்.