ஓடைக்குள் இறங்காத மாடுகள்

வெர்னா லேமனின் மாட்டுக்கொட்டகைக் கூரையில் பாதியைப் பிப்ரவரிப் பனி அமுக்கிக் கீழே இறக்கிவிட்டது. மீதிப் பாதி, இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அடுத்த பனி விழுவதற்குள் புதுக் கூரை போடாவிட்டால் மாடுகளை ஏலத்துக்கு ஓட்ட வேண்டியதுதான். கடன் கேட்டதற்கு வங்கிக்காரர் மிக அன்பாகப் பேசினார், அன்போடு நிறுத்திக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஒஹாயோவின் அந்த மூலைக்குப் புள்ளித் திட்டம் வந்தது. பண்ணைகளின் ஊடே ஓடும் ஓடை போய்ச் சேரும் ஊரின் கழிவுநீர் நிலையம், அளவுக்கு மேல் பாஸ்பரஸைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தது. கோடை வந்தால் கீழே ஏரி பாசி பிடித்து, பட்டாணி சூப்பைப் போலப் பச்சையாகத் தடித்துவிடும். நிலையத்துக்குப் புது இயந்திரம் வாங்குவதைவிட, மேலே இருக்கும் பண்ணைகளின் பாஸ்பரஸ் மிகுந்த சாணம் ஓடையில் விழாமல் தடுப்பது மலிவு என்று யாரோ கணக்குப் போட்டார்கள். தடுத்த சாணத்துக்குப் பண்ணைக்காரருக்குப் புள்ளி. அந்தப் புள்ளியை ஊர் விலைக்கு வாங்கிக்கொள்ளும். வாங்கிய தைரியத்தில், தான் விடுவதைத் தடையில்லாமல் விட்டுக்கொண்டிருக்கும்.

முதல் ஆளாகச் சேர்ந்தவர், ஓடையின் மேல்பக்கத்துப் பண்ணைக்காரர் அர்லோ கிப். அவருடைய கறுப்பு வெள்ளை மாடுகள் கோடை முழுக்க வயிறு நனைய ஓடையில் நின்று, குடிப்பதும் கழிப்பதும் ஒரே இடத்தில் என்று வாழ்ந்தவை. இப்போது கரையோரம் வேலி போடக் காசு கிடைத்தது; ‘ஆற்றின் நண்பன்’ என்று ஒரு பலகையும் கிடைத்தது. தேவாலயத்து விருந்தில் அர்லோ தட்டில் மூன்றாவது துண்டு ஆப்பிள் கேக்கை வைத்துக்கொண்டு வெர்னாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நீயும் எழுதிப் போடேன் வெர்னா. சும்மா குடுக்கறாங்க.”

“என் வேலி இருபது வருஷமா நிக்குது அர்லோ. போட்டப்ப நீ என்ன சொன்ன? உன் மாட்டுக்கு நீச்சல் தெரியாதான்னு கேட்டு சிரிச்ச.”

“இப்பவும் சிரிக்கத்தானே செய்யறேன்,” என்றார் அர்லோ.

வெர்னா எழுதிப் போட்டாள். மண் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து கெண்ட்ரா ப்ரூயிட் என்ற பெண் வந்தாள். ஓடைக்கரை முழுக்க நடந்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, துக்க வீட்டில் பேசுகிற குரலில் பேசினாள்.

“ரொம்ப அருமையா வெச்சிருக்கீங்க மிஸஸ் லேமன். அதான் சிக்கலே.”

“அருமையா இருக்கறதா?”

“குறைச்சாத்தான் புள்ளி. உங்ககிட்ட குறைக்க என்ன இருக்கு? மாடு ஓடைக்குள்ள நிக்கணும். நிக்கறத நான் கண்ணால பாக்கணும். அப்புறம்தான் வெளிய ஏத்த முடியும்.”

“அதாவது, திருந்தறதுக்கு முன்னால நான் மொதல்ல கெட்டுப்போகணும்.”

“நான் அப்படிச் சொல்லலையே.” கெண்ட்ரா காபியைக் குடித்து முடித்தாள். “செவ்வாய்க்கிழமை இந்தப் பக்கம் வருவேன். அவ்வளவுதான் சொன்னேன்.”

திங்கட்கிழமை வெர்னா மின்வேலிக் கம்பியைச் சுருட்டினாள். முளைகளைப் பிடுங்கினாள். பிடுங்கும்போது யாராவது பார்க்கிறார்களா என்று சாலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். போடும்போது ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் பழுப்பு ஜெர்சி மாடுகள் மேய்ந்துகொண்டே வந்தன. கம்பி இருந்த இடத்தில் வரிசையாக நின்றன. எதிரே தடையில்லாத புல், அதற்கப்பால் குளிர்ந்த தண்ணீர். ஒன்றுகூடக் கால் எடுத்து வைக்கவில்லை. கன்றாக இருக்கும்போதே மூக்கில் ஷாக் வாங்கியவை. கம்பி போனாலும் மூக்கு மறக்குமா?

வெர்னா முட்டளவு ரப்பர் பூட்ஸோடு ஓடைக்குள் இறங்கி, தீவன வாளியைத் தட்டினாள்.

“வாடி பெட்டூனியா! இத்தனை வருஷம் போகாதேன்னேன், இப்ப வான்னு சொல்றேன். தண்ணிதாண்டி, தின்னாது! ஒரு கால் வை. ஒரே ஒரு சாணி போடு. உன் தலைக்கு மேல கூரை வேணுமா வேணாமா?”

பெட்டூனியா அசை போட்டது. வெர்னாவின் கால் வழுக்கியது. வாளி ஒருபக்கம், அவள் ஒருபக்கம். எழுந்து முகத்துச் சேற்றைத் துடைத்தபோது, கரையில் கெண்ட்ரா கேமராவோடு நின்றாள்.

“இப்போதைக்கு ஓடையைக் கலக்கறது நீங்க மட்டும்தான்,” என்றாள் கெண்ட்ரா, வருத்தமாக.

வெர்னா வாளியை எடுக்கக் குனிந்தபோதே மேல்பக்கம் தண்ணீர் சளசளவென்றது. வளைவைச் சுற்றி அர்லோவின் கறுப்பு வெள்ளை மாடுகள் ஓடையோடு ஊர்வலமாக வந்தன. அர்லோ உலகத்தில் எதையும் வைக்கோல் கட்டும் கயிற்றால்தான் கட்டுவார். புது வேலியின் கதவையும் அப்படித்தான் கட்டியிருந்தார். மாடுகள் சாய்ந்தன; கயிறு அறுந்தது. வந்தவை வெர்னாவின் ஓடையில் நிழலான இடம் பார்த்து நின்று, வால்களைத் தூக்கின.

கேமரா சொடுக்கியது.

“அது என் மாடு இல்லம்மா,” என்றாள் வெர்னா. சொன்ன பிறகுதான் கூரை ஞாபகம் வந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. “என்னுது பழுப்பு. இது அர்லோவோடது.”

“தெரியுது. ஆனா விதி மாடுன்னுதான் சொல்லுது. யார் மாடுன்னு கேக்கல.”

மூச்சு வாங்க ஓடிவந்த அர்லோவுக்கு நிலைமை புரிய ஒரு நொடிதான் ஆனது. “என் பக்கத்து ஓடையில ஒரு மாடு கூட இல்ல, கவனிச்சியாம்மா?”

“கவனிச்சேன் மிஸ்டர் கிப். உங்க பக்கம் ரொம்பச் சுத்தம்.”

புள்ளி விற்ற காசில், பனிக்கு முன் கூரை ஏறிவிட்டது. வெர்னாவின் ‘புது’ வேலிக்குப் பழைய முளைகளே போதுமாயிருந்தன; பழைய குழிகளிலேயே இறங்கின. பலகையும் வந்தது. அதை அவள் கொட்டகையின் உள்பக்கம் அடித்துவைத்தாள்.

அடுத்த கோடையில், ஏரி வழக்கம்போல் பச்சையாகத் தடித்த வாரம், கீழ்ப்பக்கத்துப் பண்ணையிலிருந்து லாய்ட் ஹோஸ்டெட்லர் தொலைபேசியில் கூப்பிட்டார். பரம்பரையாக வேலி போட்டு வாழ்ந்த குடும்பம்.

“வெர்னா, அர்லோ மாடுங்க மறுபடி கயித்த அறுத்துக்கிட்டு உன் பக்கம் நிக்குதா?”

“நிக்குது.”

“கொஞ்சம் கீழ ஓட்டி விடேன். கெண்ட்ரா வர்ற நேரம்.”

வெர்னா ஜன்னல் வழியே கொட்டகையின் புதுக் கூரையைப் பார்த்தாள். பிறகு ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு ஓடைப்பக்கம் நடந்தாள். அவளுடைய மாடுகள் வழக்கமான இடம்வரை கூடவே வந்து, நின்று, பார்த்தன.