பிளம்பர் மாட்டிய ஆயில் கூலர்

என் வீட்டுக்காரர் பிளம்பர். உலகத்தில் எது ஒழுகினாலும் அவருக்கு அது குழாய்தான். மழை பெய்தால்கூட மேலே வாஷர் தேய்ந்துவிட்டது என்பார். அப்படிப்பட்டவர் காரின் கியர்பாக்ஸுக்குத் தானே ஆயில் கூலர் மாட்டப்போவதாகக் கிளம்பினால், கட்டிக்கொண்ட பாவத்துக்கு நான் டார்ச் பிடிக்கத்தான் வேண்டும்.

எல்லாம் எங்கள் மகளுக்காக. மலைமேல் இருக்கும் ஊரில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். முன்பு ஒருமுறை அதே மலையில் ஏறும்போது கியர்பாக்ஸ் சூடாகி, கார் பாதி வழியில் படுத்துவிட்டது. அதனால் இந்தத் தடவை தன் வண்டியில் கொண்டுபோய் விடுவதாக என் தம்பி சொன்னான். அவன் மெக்கானிக். இவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. என் பெண்ணை இன்னொருத்தன் கொண்டுபோய் விடுவதா என்று குதித்தார். போய்க் கூலரை வாங்கி வந்தார். தம்பியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றேன். காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பம்பரைக் கழற்றினார். கூலர் என்பது சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு அலுமினியச் சட்டம். அதை ரேடியேட்டருக்கு முன்னால் வைத்து இறுக்கினார். கியர்பாக்ஸுக்குத் திரும்பிப் போகிற ஆயிலை இதற்குள் விட்டு, காற்றில் ஆறவைத்து அனுப்பவேண்டும், அவ்வளவுதான் என்று எனக்குப் பாடம் வேறு. சும்மா சொல்லக்கூடாது, வேலை சுத்தம். கூலரோடு வந்த ஹோஸ்தான் ஒரு சாண் குறைந்தது. எங்கள் வீட்டில் ஹோஸுக்கா பஞ்சம்? பின்னறையிலிருந்து ஒரு தண்ணீர் ஹோஸை எடுத்து வந்து வெட்டி மாட்டினார். ஆயிலுக்கு இது தாங்குமா என்று கேட்டேன். ஹோஸைப் பற்றி என்னிடமே கேட்கிறாயா என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார்.

தெருக்கோடி மேட்டில் நாலைந்து தடவை ஏறி இறங்கிவிட்டு, மலையையே ஜெயித்தவர் மாதிரி வந்து நிறுத்தினார். அவருக்குப் பின்னால் தெரு நெடுகச் சிவப்பாக ஆயில் கோடு. பானெட்டைத் திறந்தால், தண்ணீர் ஹோஸ் சூட்டில் இளகி, கிளிப்பிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது.

கடைகள் எல்லாம் மூடியிருந்தன. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே மகள் பெட்டி அடுக்கும் சத்தம் கேட்டது. வாய் துறுதுறுத்தாலும் அந்த முகத்தைப் பார்த்து எனக்குக் கேலி செய்ய மனசு வரவில்லை. கடைசியில் அவரே போனை எடுத்து, கஷாயம் குடித்த குரலில் என் தம்பியிடம் ஆயில் ஹோஸ் கேட்டார்.

தம்பி உடனே வந்தான். இளகிய ஹோஸைப் பார்த்ததும் திரும்பி நின்றுகொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. சிரித்து முடித்துவிட்டுக் கொடு என்றார் இவர். அவன் வண்டியிலிருந்து புது ஹோஸையும் ஒரு கேன் ஆயிலையும் எடுத்தான். நேற்றே வாங்கி வைத்ததாம்.

"நான் சொதப்புவேன்னு நேத்தே முடிவு பண்ணிட்டியா?"

"அது இல்ல மச்சான். நீங்க கூலர் வாங்கியிருக்கீங்கன்னு உங்க பொண்ணு போன் பண்ணினா. என் வண்டியில வரமாட்டேன்னுட்டா. அப்பா கார் சரியாகலன்னா, சரியாகுற வரைக்கும் வேலையில சேரப்போறதில்லையாம். போனா அப்பாகூடத்தானாம். அப்புறம் உங்க கார் ஓடித்தானே ஆகணும்?"

ஹோஸை வாங்கிக்கொண்டு காருக்கு முன்னால் குனிந்தவர், வெகுநேரம் நிமிரவில்லை. இறுக்கின கிளிப்பையே திரும்பத் திரும்ப இறுக்கிக்கொண்டிருந்தார்.

மறுபடி மேட்டில் ஓட்டிப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. வந்ததும் தம்பியைக் கூப்பிட்டார்.

"மச்சான், நாளைக்கு எங்க பின்னாடியே வந்துடு. மலையில ஏதாவது ஆச்சுன்னா நீதான் பாக்கணும்."

பிறகு என் பக்கம் திரும்பி, பின் சீட் முழுக்கச் சாமான் வரும், நீ உன் தம்பி வண்டியிலேயே வந்துவிடு என்றார்.