மற்றதன் நிறம்

1

இதனால் சகல வாசகப் பெருமக்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: மனிதகுலம் இதுவரை செய்த கார்கள் அத்தனையும் இரண்டே சாதி. பார்க்கத் தக்கவை, பார்க்கத் தகாதவை. இந்த மாபெரும் உண்மையைக் கண்டறிந்து உலகுக்கு அருளியவர், அமெரிக்காவின் பஃபலோ நகருக்குத் தெற்கே வசிக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் நார்பர்ட் பியாசெக் அவர்கள். (இனி 'அவன்' என்றே சொல்கிறேன். மரியாதை எனக்குச் சீக்கிரம் அலுத்துவிடும்.)

கதை கிடைத்த இடம் ஒரு டோனட் கடையின் வாசல். கோடை தொடங்கிப் பனி விழும்வரை சனிக்கிழமைகளில் கார்ப் பித்தர்கள் அங்கே வண்டிகளை வரிசையாக நிறுத்தி, முன்மூடியைத் திறந்துவைத்து, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்தவன் எஞ்சினைக் குறைசொல்வார்கள். நான் போவது டோனட்டுக்கு. வேடிக்கையாக நாலு பக்கம் எழுதலாமென்றுதான் தொடங்கினேன். முதல் வரி இது:

நார்பர்ட் தன் காரைக் காதலித்த அளவுக்கு மனைவியை

[வேண்டாம். இந்த வரியை எழுதாத ஆள் இல்லை.]

2

அவனிடம் இருந்தது ஒரு ஹால்வர்சன் கார். ஐம்பதுகளில் தொடங்கி, மூச்சுவிடுவதற்குள் மூடப்பட்ட கம்பெனி. கதவுகள் பின்னோக்கித் திறக்கும். எஞ்சின் சத்தம் சளிபிடித்த பாதிரியார் பூசை வைப்பதுபோல் இருக்கும். யாராவது "அழகான பச்சை" என்றுவிட்டால் தொலைந்தார்.

"பச்சையா? கண்ணக் கழுவிட்டு வாப்பா. இது பாசி. பாசில ஒரு சொட்டு சாம்பல்."

பின்விளக்கை மட்டும் காட்டினால் கார் பிறந்த வருடத்தைச் சொல்வான். சிறுவயதில் மாமா வைத்திருந்த வண்டியின் இருக்கைத் தையல் எந்தப் பக்கம் பிரிந்திருந்தது என்பதுகூட ஞாபகம். இன்றைய கார்களைப் பற்றிய அவனுடைய ஆய்வு முடிவு: "எல்லாம் சோப்புக்கட்டி. தேஞ்ச சோப்பு, தேயாத சோப்பு. அவ்ளோதான் வித்தியாசம்."

சனிக்கிழமை வரிசைக்குச் சட்டம் உண்டு. அன்றாடக் காரில் வருபவர்கள் கடைக்குப் பின்னால், குப்பைத்தொட்டி அருகே நிறுத்த வேண்டும். நார்பர்ட்டுக்குச் சாப்பாடு கொண்டுவரும் மனைவி லோரெய்னும் அங்கேதான் நிறுத்துவாள். வீட்டில் அவளுடைய காருக்குப் பெயர் 'மற்றது'. பனிக்காலத்தில் ஹால்வர்சன் சூடேற்றிய ஷெட்டுக்குள் போர்வை போர்த்தித் தூங்கும். மற்றது தெருவில் நிற்கும். காலையில் லோரெய்ன் அதன் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிவிட்டு வேலைக்குப் போவாள்.

3

இலையுதிர் காலம். அவன் தலை ஹால்வர்சனின் எஞ்சினுக்குள் இருந்தது. லோரெய்ன் ஷெட்டுக்குள் வந்தாள்.

"நார்ப், வண்டிக்குப் பெயின்ட் அடிச்சாச்சு. நிறத்தையே மாத்திட்டேன்."

"எந்த வண்டிக்கு?"

"என்னோடதுக்கு."

"ஓ, மற்றதுக்கா."

"வெளிய வந்து பாரேன். எப்படி இருக்குன்னு சொல்லு."

"நல்லாருக்கு."

"நீ இன்னும் தலையே தூக்கல."

"நல்லாத்தான் இருக்கும்மா. அந்த ஸ்பேனரை எடு."

எடுத்துக் கொடுத்தாள். [முதல் பிரதியில் ஸ்பேனரை அவன்மேல் வீசினாள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் லோரெய்ன் வீசமாட்டாள். பாத்திரங்கள் நமக்குப் பிடித்ததைச் செய்வதில்லை.]

4

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மீன் வறுவல் வாங்கப் போனாள். ஊரை ஒட்டிய பெரிய ஏரிப் பக்கமிருந்து பனி சுவராக எழுந்து வந்தது. அவளுடைய போன் சமையலறையில் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. இருட்டும் நேரமாகியும் வரவில்லை. நார்பர்ட் அவசர எண்ணுக்குப் பேசினான்.

"சார், பதிவுல உங்க மனைவி வண்டி சாம்பல் நிறம்னு இருக்கு. சரிதானே?"

"ஆமாம்மா. சாம்பல். சாதாரண வண்டி."

"நெடுஞ்சாலை முழுக்க வண்டி புதைஞ்சு கெடக்கு சார். எல்லாத்தையும் தோண்ட முடியாது. உள்ள இருக்கவங்க இந்தக் குளிர்ல விடியிற வரைக்கும் தாங்கறது கஷ்டம். வெளிய தெரியற நிறத்தப் பாத்துத்தான் தேடுவாங்க. அதான் கேட்டேன்."

போனை வைத்தான். காப்பி போட்டான். கோப்பை பாதி நிறையும்போது ஞாபகம் வந்தது. மறுபடி பேசினான்.

"சாம்பல் இல்லம்மா. பெயின்ட் அடிச்சிட்டா."

"என்ன நிறம் சார்?"

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"வீட்டு வாசல்லதானே நிக்கும்?"

"தெனமும் நிக்கும்மா."

"செவப்பா, நீலமா? ஏதாச்சும் சொல்லுங்க."

"நான் பாக்கல."

சனிக்கிழமை வரிசையில் பக்கத்து நாற்காலிக்காரன் எர்வினைக் கூப்பிட்டான். ஒவ்வொரு சனிக்கிழமையும் லோரெய்னைப் பார்ப்பவன், அவள் கொண்டுவரும் சாண்ட்விச்சில் பாதியைத் தின்பவன்.

"எர்வ், லோரெய்ன் வண்டி என்ன கலர்டா?"

"உன் பொண்டாட்டி வண்டிய என்கிட்ட கேக்குறியே! அந்த மாதிரி வண்டிய எவன்டா பாக்குறான்?"

எர்வின் சிரித்தான். நார்பர்ட் சிரிக்காததைக் கேட்டு நிறுத்தினான்.

5

பக்கத்து வீட்டாரைக் கேட்கலாமே என்கிறீர்கள். அவர்கள் புத்திசாலிகள், பனிக்காலத்துக்கு ஃப்ளோரிடா போய்விட்டார்கள்.

எழுதியவனுக்குத் தெரியாதா என்கிறீர்கள். மேலே போய்ப் பாருங்கள். பாசியில் ஒரு சொட்டு சாம்பல் என்று எழுதத் தெரிந்தவன், லோரெய்ன் காருக்கு ஒரு நிறம் எழுதவில்லை. நானும் அந்த ஷெட்டுக்குள்தான் இருந்தேன். வெளியே எட்டிப் பார்க்கவில்லை.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) கார் ஆரஞ்சு. பனிக்கு மேல் ஒரு கீற்று தெரிகிறது, மீட்கிறார்கள். நார்பர்ட் அழுகிறான், ஹால்வர்சனை விற்றுவிட்டு மற்றதை ஷெட்டுக்குள்

[கிழித்துவிட்டேன். அவன் விற்கிற ஆளில்லை. ஆரஞ்சுதானா என்று எனக்கும் தெரியாது.]

(ஆ) நார்பர்ட் ஹால்வர்சனை எடுத்துக்கொண்டு, அது பிறந்ததிலிருந்து தொடாத, பனி உருக உப்புத் தூவிய சாலையில் அவளைத் தேடிப் புறப்படுகிறான். வீரம்!

இது நடந்தது. வண்டி தெருமுனையில் நின்றுவிட்டது. அங்கிருந்து நடந்தான். வழியில் புதைந்து கிடந்த ஒவ்வொரு காரின் ஜன்னலையும் கையால் துடைத்து உள்ளே பார்த்தான். பழுப்பு, நீலம், இன்னொரு நீலம். வாழ்நாளில் முதல்முறையாகச் சாதாரணக் கார்களைப் பார்த்தான். எதைத் தாண்டிப் போகலாம், எதற்கு நிற்க வேண்டும் என்று தெரியாததால் எல்லாவற்றுக்கும் நின்றான். நெடுஞ்சாலையை எட்டுமுன் போலீஸ்காரர்கள் அவனைத் தூக்கி வண்டியில் போட்டு வீட்டில் விட்டார்கள்.

6

இதற்கு மேல் என்னால் முடியாது. நிறத்தை உங்களிடமே விடுகிறேன். எழுதிக்கொள்ள இடம்:

லோரெய்னின் கார் ............ நிறம்.

நல்லதாகப் பார்த்து எழுதுங்கள். எதை எழுதினாலும் அடுத்த வரி மாறாது.

மறுநாள் மதியம் காரைக் கண்டுபிடித்தார்கள். காருக்கு ஒன்றும் ஆகவில்லை.