தொண்ணூற்றிரண்டு ஜோடி

ஆறு நிமிடம் நாற்பது விநாடி.

தீயணைப்புக்காரி கடிகாரத்தை இன்னொரு தடவை பார்த்தாள். பார்த்தால் குறைந்துவிடுமா என்ன. தையல் ஆலையின் மூன்றாம் மாடியில் தொண்ணூற்றிரண்டு பெண்கள். அபாய மணி அடித்தால் மூன்று நிமிடத்துக்குள் எல்லாரும் வெளியே நிற்க வேண்டும். முதல் ஒத்திகையில் ஆறரை நிமிடம் ஆனது. பிறகு அவள் இரண்டு நாள் வகுப்பு எடுத்தாள். பத்து விநாடி கூடிவிட்டது.

"வெள்ளிக்கிழமை கடைசி ஒத்திகை. அதுலயும் தேறலன்னா மாடிக்குப் பூட்டு. கையெழுத்துப் போடப்போறது நீதான்" என்றார் நிலைய அதிகாரி.

தொண்ணூற்றிரண்டு பேரில் ஒருத்தி அவளுடைய அக்கா.

ஒத்திகை நடத்தும் வேலையை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு வெளிநாட்டுப் பயிற்சியாளர். புகைக்குள் மூச்சுவிட ஆறு முகமூடிகள், நீளமான குழாய்கள், நாற்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம், இவற்றோடு வந்து இறங்கி நாலு மாதம் ஆகிறது. நிலையத்தில் அவரை நெட்டை என்றார்கள். அது ஏதோ மரியாதைப் பட்டம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். யாரும் திருத்தவில்லை. மொழியை மட்டும் எப்படியோ பிடித்துக்கொண்டார்.

நாற்பது கேள்விக்கும் ஆலை தேறியிருந்தது. மணி கேட்டது. விளக்கு எரிந்தது. கதவுகள் வெளிப்பக்கமாகத் திறந்தன. படிக்கட்டுகள் இரண்டு இருந்தன. பின்படிக்கட்டு கடைசி வரிசை மெஷினிலிருந்து பத்தே எட்டு. அவளே ஓடிப் பார்த்திருந்தாள். நாற்பது விநாடியில் கீழே.

ஆனால் அந்தப் பக்கம் ஒருத்திகூடத் திரும்பவில்லை. தொண்ணூற்றிரண்டு பேரும் முன்படியில் ஈசல்போல் மொய்த்தார்கள்.

"பயம் வந்தா கால் பழகின வழிக்குத்தான் போகும். எங்க ஊர்லயும் அப்படித்தான்" என்றார் நெட்டை.

"அவங்க பயப்படவே இல்ல சார். சிரிச்சுக்கிட்டே வந்தாங்க."

வகுப்பிலும் கேட்டுப் பார்த்தாள். பின்வாசல் பக்கத்துலதானே இருக்கு, ஏன் போகல? முன்வரிசைப் பெண் ஒருத்தி அவள் பூட்ஸைப் பார்த்தாள். பிறகு பக்கத்துப் பெண்ணைப் பார்த்தாள். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

இரவுச் சாப்பாட்டின்போது அக்காவைப் பிடித்தாள்.

"நீ ஏன்க்கா முன்பக்கம் போன?"

"எல்லாரும் போனாங்க. நானும் போனேன்."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. அப்போ முதல்ல போனவ யாரு?"

"ஏண்டி, உனக்கு வேற வேலையே இல்லையா? அடுப்புக்கு மேல துணி தொங்குது, ஒயர் பல்லிளிக்குதுன்னு நாலு மாசமா என் உயிர வாங்குற. சோத்தைத் தின்னு."

"சொல்லுக்கா."

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நாளைக்கு உனக்கு லீவுதானே. என் பக்கத்துல வந்து உக்காரு. நான் சொல்லி நீ என்னைக்குக் கேட்டிருக்க?"

வியாழக்கிழமை மதியம் போனாள். சீருடை இல்லை. கணக்கில் சேராத ஒரு ஒத்திகை; மணியை எப்போது அடிப்பது என்பதை நெட்டையிடம் விட்டிருந்தாள். தனக்குத் தெரியக் கூடாது என்று சொல்லியிருந்தாள்.

முன்வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"செருப்பு."

"போன வாரம் அப்படியேதானே அண்ணே உள்ள போனேன்?"

"அது பூட்ஸ், கவர்மென்ட்டு. இது செருப்பு. துணி அழுக்காச்சுன்னா என் தலையில விடியும்."

அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் சுவர் நீளத்துக்கு மரத் தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் எண். எண்ணுக்கு ஒரு ஜோடி.

"தொண்ணூத்திரண்டு ஜோடி இருந்தா தொண்ணூத்திரண்டு பேர் உள்ள. எனக்கு ரிஜிஸ்டரே வேணாம்" என்றார் பெருமையாக. "உன்னோட தொண்ணூத்திமூணு."

தரை சில்லென்றிருந்தது. அக்கா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். கடைசி வரிசை. மெஷின்கள் மழைபோல் இரைந்தன. அக்கா காலர்களை மடித்து மடித்துத் தள்ளினாள். தங்கை என்ற ஒருத்தி வந்திருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

மணி அடித்தது.

தீயணைப்புக்காரி எழுந்தாள். பத்து எட்டு, பின்கதவு, படி. கைப்பிடியில் கை வழுக்க இறங்கினாள். பின்னால் காலடிச் சத்தமே இல்லை. வாசல் கதவைத் தள்ளித் திறந்தாள்.

முற்றத்தில் வெயில். தரை முழுவதும் மினுக்கியது.

உடைந்த ஊசிகள். மெஷின் ஊசி, குண்டூசி, கத்தரியின் முனை, தகரச் சில். வருடக்கணக்காக மாடியிலிருந்து கூட்டித் தள்ளியவை. வலது காலைத் தூக்கினாள். வைக்க இடம் தேடினாள். பூட்ஸோடு இதே இடத்தில் நாலு தடவை நடந்திருக்கிறாள். கீழே நறநறத்தது சரளைக்கல் என்று நினைத்திருந்தாள்.

மேலே மணி அடித்துக்கொண்டே இருந்தது. தூக்கிய காலைத் திரும்ப உள்ளேயே வைத்தாள். தீயிலிருந்து இறங்கி வந்தவள், செருப்புக்காக மறுபடி மூன்று மாடி ஏறி, முன்படி வழியாக இறங்கினாள்.

முன்வாசலில் தொண்ணூற்றிரண்டு முதுகுகள் குனிந்திருந்தன. என்னுது எங்க, காலை எடு, இது வலதுடி, மிதிக்காத. காவலாளி நடுவில் எண்களைக் கூவிக்கொண்டிருந்தார். அக்கா தங்கையின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா ஆபீசரு, நெருப்பு அணைஞ்சிருச்சா?"

"நீ ஏன் சொல்லலக்கா?"

"மூணு வருஷம் முன்னாடி எனக்குக் கால்ல ஊசி ஏறி ரெண்டு மாசம் நொண்டினேனே."

"அது மெஷின்கிட்ட ஏறுனதுன்னு..."

"நீயா நினைச்சுக்கிட்ட. எங்க ஏறுச்சுன்னு கேட்டியா?"

நெட்டைக்கு விளக்கினாள். அவர் நம்பாமல் முற்றத்துக்குப் போய் பூட்ஸைக் கழற்றினார். சாக்ஸையும் கழற்றினார். மூன்றாவது எட்டில் தன் மொழியில் ஏதோ சொன்னார். மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. ஒற்றைக் காலில் கொக்குபோல் நின்றபடி படிவத்தைப் புரட்டினார். பத்தொன்பதாவது கேள்வி: வழி தடையின்றி உள்ளதா? ஆம் என்று குறித்தவர் அவர்தான்.

"செருப்பை விட்டுட்டு ஓடச் சொல்லணும். உயிரா, செருப்பா?" என்றார்.

"ஓடி எங்க சார் கால் வைக்கறது? நாலு மாசம் உங்ககிட்ட படிச்ச நானே திரும்பி ஏறிட்டேன்."

அவர் பென்சிலால் 'ஆம்' மேல் கோடு போட்டார்.

பூட்டு என்றதும் ஆலை மேற்பார்வையாளர் மறுபேச்சு பேசவில்லை. அன்று சாயங்காலமே பாதித் தட்டுகள் பின்வாசலுக்கு வெளியே போயின. கடைசி நாலு வரிசைக்கு இனி வருவதும் போவதும் அந்த வழி. காவலாளிதான் மல்லுக்கு நின்றார்.

"ரெண்டு எடத்துல வச்சா நான் எப்படி எண்றது?"

"கூட்டத் தெரியும்ல அண்ணே?"

"நக்கலா?"

ஆனால் பழைய ஒலிபெருக்கியிலிருந்து காந்தத்தைக் கழற்றிக் கயிறு கட்டிக்கொண்டு வந்தவர் அவரே. அவர் இழுத்துக்கொண்டு நடந்தார். பின்னாலேயே தீயணைப்புக்காரி பெருக்கினாள். இரண்டு வாளி நிறைந்தது. இருட்டும்வரை அக்கா படியில் உட்கார்ந்து, அங்க மினுக்குது பார், இங்க மினுக்குது பார் என்று ஏவிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு மணி அடித்தது.

இரண்டு படியிலும் ஆட்கள் இறங்கினார்கள். தீயணைப்புக்காரி பின்வாசலை ஒட்டி நின்று பார்த்தாள். குனிந்தார்கள், மாட்டினார்கள், நகர்ந்தார்கள். சிலர் செருப்பைக் கையிலேயே எடுத்துக்கொண்டு ஓடினார்கள். இரண்டு நிமிடம் நாற்பது. வாசல் காலியானது. காவலாளி முன்பக்கத் தட்டுகளை முடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"முன்னாடி சுத்தம். இங்க ஒரு ஜோடி மிச்சம்!"

எண்ணைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பழுப்பு வார். இடது குதிகால் மட்டும் தேய்ந்தது. இரண்டு மாதம் நொண்டியதன் மிச்சம்.

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் படியை நோக்கி ஓடினாள்.

"எங்கடி போற? இங்க இருக்கேன்."

முற்றத்தின் நட்டநடுவில் அக்கா நின்றாள். வெறுங்காலோடு.

"செருப்பு எங்கக்கா?"

"நீ பெருக்குன லட்சணத்தைப் பாக்க வேணாமா?"

அக்கா பாவாடையைச் சற்றே தூக்கி, வலது பாதத்தைத் திருப்பிக் காட்டினாள். புழுதி.

"இன்னொரு கால்" என்றாள் தீயணைப்புக்காரி.

அக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இடது காலைத் தூக்கினாள். குதிகாலில் பழைய தழும்பு. புதிதாக எதுவும் இல்லை.

"தொண்ணூத்திரண்டு" என்றார் காவலாளி.

அப்போதுதான் கடிகாரத்தை நிறுத்தினாள். இரண்டு ஐம்பத்தெட்டு.