கதவைத் தள்ளிப் பார்த்த கிளை

எங்கள் கிளையைக் கலைக்கப்போகிற கூட்டத்தில் பாதுகாப்பு உரையையும் நாங்களே சொல்ல வேண்டும் என்று ஸாக்ரெப் தலைமையகத்திலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். நான் போனை மேசையில் வைத்த வேகத்தில் காப்பிக் கோப்பை ஒரு குதி குதித்தது. தூக்கில் தொங்கப்போகிறவனிடமே வரும்போது கயிறு வாங்கிக்கொண்டு வா என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நான் ஒந்தீனா. லாபின் ஊருக்கு வெளியே ஒரு சுண்ணாம்புச் சூளையில் பாதுகாப்பு அதிகாரி. தலைக்கவசம் எங்கே, கையுறை எங்கே என்று நாள் முழுக்க நச்சரிப்பதால் வேலையிடத்தில் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எந்த ஊரிலும் பாதுகாப்பு அதிகாரியின் பிழைப்பு இதுதான். ஒரு விபத்து நடக்காமல் போனதற்கு யாரும் கைதட்டுவதில்லை. அதனால்தான் எங்களுக்கென்று ஒரு சங்கம், ஊருக்கு ஊர் கிளைகள், வருஷத்துக்கு ஒரு விழா. சிறந்த உறுப்பினர், சிறந்த கிளை என்று கண்ணாடிக் கேடயங்களைக் கொடுத்து எங்களை நாங்களே பாராட்டிக்கொள்வோம்.

லாபினில் நிலக்கரிச் சுரங்கங்கள் ஓடிய காலத்தில் எங்கள் கிளைதான் பெரியது. சுரங்கங்களை மூடினார்கள், ஆட்கள் போய்விட்டார்கள். கிளை என்றால் பத்துப் பேராவது வேண்டும் என்பது விதி. நாங்கள் ஏழு பேர். அன்று மாலை எங்களைக் கலைத்து ரியெக்கா கிளையோடு சேர்க்கத் தீர்மானம் வரப்போகிறது. கிளையின் கொடியை இஸ்திரி போட்டு, மளிகைக்கடைப் பையில் மடித்து வைத்து, ஒப்படைப்பதற்காக எடுத்து வந்திருந்தார் லீபெரோ. சுரங்கத்தில் பாதுகாப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் கடற்கரையில் வயதானவர்களை 'பார்பா' என்று கூப்பிடுவோம். அதனால் எனக்கு அவர் பார்பா லீபெரோ. வழி நெடுக அந்தப் பையை மடியிலேயே வைத்திருந்தார். காரின் பின்சீட்டில் வைக்கச் சொன்னதற்கு என்னை முறைத்தார்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கூட்டமானாலும் முதலில் ஒருவர் மேடையேறி, வெளியேறும் வழிகள் எவை, ஆபத்தென்றால் வெளியே எங்கே கூட வேண்டும் என்று சொல்லி, "அரங்கம் பாதுகாப்பானது" என்று முடிக்க வேண்டும். அதைச் சொல்லாமல் தலைவர் கூட்டத்தைத் தொடங்க முடியாது. சங்கத்தை ஆரம்பித்தவர்கள் விதியிலேயே எழுதிவைத்துவிட்டார்கள். ஆனால் யார் கேட்கிறார்கள்? அந்த நேரத்தில்தான் எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போடுவார்கள், ஒயின் கேட்பார்கள். அதனால் அந்த வேலையைக் கேடயம் எதுவும் கிடைக்காத, இருப்பதிலேயே சின்னக் கிளையின் தலையில் கட்டுவார்கள். கல்யாணத்துக்கு வந்த வேண்டாத உறவுக்காரரிடம் எல்லோருடைய கோட்டுகளையும் பார்த்துக்கொள்ளச் சொல்வதுபோல. பல வருஷமாக அது லாபினுக்குத்தான்.

விழா நடந்தது கடலோரத்தில் ஒரு பழைய ஓட்டலில். மாசியில் யார் வருவார்கள், வாடகை மலிவு. மலையிலிருந்து புரா காற்று இறங்கத் தொடங்கியிருந்தது. கார் கதவைத் திறந்தால் கையோடு பிடுங்கிக்கொண்டு போகும்போல இருந்தது.

நான் கதவைக் கண்ணால் பார்த்து நம்புகிற ஆள் இல்லை. மேடையேறும் முன் எல்லாக் கதவையும் கையால் தள்ளிப் பார்ப்பேன். சாகப்போகிற கிளையானாலும் வேலை வேலைதான். முன்வாசல் சரியாக இருந்தது. மலைப்பக்கக் கதவைத் தள்ளினேன். அசையவில்லை. திரையை விலக்கினால், குறுக்கே ஒரு நீளக் கட்டை. அதைக் கதவோடும் நிலையோடும் சேர்த்துத் திருகாணி போட்டிருந்தார்கள்.

ஓட்டல் மேலாளரைக் கூப்பிட்டேன்.

"இது என்னங்க?"

"புராவுக்குத்தான் மேடம். கட்டை இல்லன்னா இந்தக் கதவு ஒரு ராத்திரி தாங்காது. இந்தக் கரையில எல்லாரும் செய்றதுதானே."

"தீப்பிடிச்சா?"

"இன்னைக்கா?" மனிதர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "ஹால் பூராவும் பாதுகாப்பு அதிகாரிங்க உக்காந்திருக்கீங்க. இன்னைக்கு எப்படி மேடம் தீப்பிடிக்கும்?"

மூன்றாவது கதவைத் தேடினேன். காணவில்லை. தரையிலிருந்து ஆளுயரத்துக்கு மேல் ஒரு பலகைச் சுவர் எழுப்பி, சிறந்த கிளைகளின் படங்களையும் கேடயங்களையும் அதில் அடுக்கி, மேலே விளக்கு போட்டிருந்தார்கள். ஸாக்ரெப், ஸ்பிலித், ரியெக்கா. அதற்கும் மேலே வெளியேறும் வழிக்கான பச்சை விளக்கு. அதில் ஓடுகிற மனிதன் நேராகச் சங்கத் தலைவர் தீஹோமிரின் படத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தான். எங்கள் பெருமையைக் கொண்டே கதவை அடைத்துவிட்டோம்!

நான் பலகைக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது தீஹோமிரே வந்தார்.

"ஒந்தீனா, எல்லாரும் உக்காந்தாச்சு, சூப் ஆறுது. ரெண்டு வார்த்தை சொல்லிட்டு இறங்குங்க."

"மூணு வழியில ரெண்டு அடைச்சிருக்கு, தலைவரே."

அவர் கட்டையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். ஒரு நிமிஷம் அவர் முகம் ஒரு நல்ல பாதுகாப்பு அதிகாரியின் முகமாகத்தான் இருந்தது. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்ப இதெல்லாம் கழட்ட ஆரம்பிச்சா விழா நாறிடும். கேடயம் வாங்கப்போறவங்க குடும்பத்தோட வந்திருக்காங்க." என் தோளைத் தொட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒன்னு செய்றேன். கலைக்கிற தீர்மானத்த இன்னைக்கு எடுக்கல. ஒரு வருஷம் தள்ளி வைக்கிறேன். லாபின் இருக்கட்டும். நீங்க 'அரங்கம் பாதுகாப்பானது'ன்னு மட்டும் சொல்லிடுங்க."

ஆசையாக இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். ஒரு வருஷம் கிடைத்தால் மூன்று பேரைச் சேர்க்க முடியாதா? இரண்டே வார்த்தை. இத்தனை வருஷம் யாருமே காதில் வாங்காத இரண்டு வார்த்தை. போய் பார்பா லீபெரோவிடம் சொன்னேன்.

அவர் பையைத் தடவிக்கொண்டே கேட்டார். "சரி, ஒத்துக்கிட்டா கொடி நமக்கு. கொண்டுபோய் என்ன பண்ணப்போற? அந்தக் கதவுல இன்னொரு கட்டையா வச்சு அடிப்பியா?"

கிழவருக்கு நாக்கில் ஊசி. நான் மேடையேறினேன்.

வழக்கம்போல யாரும் கவனிக்கவில்லை. கரண்டிகள் சத்தம் போட்டன.

"இந்த ஹாலுக்கு மூணு வழி. ஒன்னு, நீங்க வந்த வழி. ரெண்டாவதுல கட்டை அடிச்சிருக்கு. மூணாவது நம்ம சிறந்த கிளைகளுக்குப் பின்னாடி இருக்கு." கரண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. "இந்த அரங்கம் பாதுகாப்பானது இல்லை. அதனால கூட்டம் இன்னும் தொடங்கல."

தீஹோமிர் முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டார். யாரோ சிரித்தார்கள். ரியெக்கா மேசையிலிருந்து ஜாகொதா எழுந்தாள். ரியெக்கா கிளைத் தலைவி, எங்களை விழுங்கப்போகிறவள். கப்பல் கட்டும் தளத்தில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை, ஒலிபெருக்கி தேவையில்லை.

"ஏய் ஒந்தீனா! எங்களோட சேர பயமா இருந்தா நேராச் சொல்லு. கதவு மேல ஏன் பழி போடுற?"

"உன் முதுகுக்குப் பின்னாடிதான் இருக்கு. தள்ளிப் பாரு."

திரும்பினாள், திரையை ஒதுக்கினாள், தள்ளினாள். தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அவள் தோளுக்கு அசையாத கதவு உலகத்தில் கிடையாது என்று நினைத்திருந்தேன். அசையவில்லை. அடுத்து ஸ்பிலித்துக்காரர் வந்து தள்ளினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். எங்கள் தொழிலில் அடுத்தவர் சொல்லை யாரும் நம்ப மாட்டார்கள், ஒவ்வொருவரும் தானே தள்ளிப் பார்த்தாக வேண்டும். ரொட்டிக்கடையில் நிற்பதுபோல வரிசை நின்றது. தள்ளிவிட்டுத் திரும்பிய ஒவ்வொருவர் முகமும் சிவந்திருந்தது.

"வந்து உக்காந்ததுலேர்ந்து இந்தக் கதவுல சாஞ்சுக்கிட்டு ரொட்டி தின்னுக்கிட்டிருக்கேன்," என்றாள் ஜாகொதா. யாரிடமும் இல்லை, தனக்குத்தானே. பிறகு தொண்டையைத் திறந்தாள். "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? எல்லாரும் வெளிய!"

அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் ஓடவில்லை, ஒருவர் தள்ளவில்லை, கோட்டை எடுக்க ஒருவர் திரும்பவில்லை. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்ததை அன்று நாங்களே செய்தோம். பட்டுச் சட்டையும் மெல்லிய செருப்புமாக எல்லோரும் கார் நிறுத்துமிடத்தில் நின்றோம். புரா எங்கள் காதுகளைப் பிய்த்தது. கடைசியாக வெளியே வந்த தீஹோமிரின் கழுத்துப்பட்டை அவர் முகத்திலேயே அறைந்துகொண்டிருந்தது.

"தலைவரே, அங்க நிக்காதீங்க," என்று கத்தினேன். "மேல மரத்துல காஞ்ச கிளை."

அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு நகர்ந்து நின்றார்.

ஓட்டல் தச்சர் நாளைக்குத்தான் வருவார் என்றார் மேலாளர். அதைக் கேட்டு ஸ்பிலித்துக்காரர்கள் சிரித்தார்கள். பாதுகாப்பு அதிகாரியின் காரில் திருப்புளி இல்லாமலா இருக்கும்? நாலைந்து பேர் உள்ளே போனார்கள், பார்பா லீபெரோவும் கூடவே போனார். பலகைச் சுவரை யார் பிரித்தது தெரியுமா? அதில் படம் இருந்தவர்களே. தங்கள் கேடயங்களைத் தாங்களே அணைத்துத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். தீஹோமிர் தன் படத்தைத் தானே கழற்றி, முகம் சுவரைப் பார்க்கும்படி சாய்த்தார்.

கட்டை கழன்றதும் மூன்று பேர் சேர்ந்து கதவைத் தள்ளினார்கள். திறந்த வேகத்தில் புரா உள்ளே பாய்ந்தது. மேசைத்துணிகள் எழும்பின, கைத்துடைப்பான்கள் கூரைக்குப் பறந்தன, எங்கோ ஒரு குவளை உடைந்தது. வெளியே நின்ற கூட்டம் பந்தாட்டத்தில் கோல் விழுந்ததுபோல ஆர்ப்பரித்தது. நானும் கத்தினேன், தொண்டை கட்டும்வரை.

எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்தபின், மூன்று கதவையும் இன்னொரு முறை தள்ளிப் பார்த்தேன். ஹாலே என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேடையேறினேன்.

"அரங்கம் பாதுகாப்பானது."

கைதட்டினார்கள். அந்த வார்த்தைக்கு! எழுந்து நின்று தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கியது. கலங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் பேரம் முறிந்துவிட்டதே. தீஹோமிர் ஒலிபெருக்கியைப் பிடித்து, முதல் தீர்மானம் லாபின் கிளையைக் கலைத்து ரியெக்காவோடு சேர்ப்பது என்று அறிவித்தார். குரல் தேய்ந்திருந்தது. "முன்மொழிய வேண்டியது ரியெக்கா."

"ரியெக்கா முன்மொழியல," என்றாள் ஜாகொதா.

"வேற யாராவது?"

அவ்வளவு பெரிய ஹாலில் ஒரு கைகூட எழவில்லை. காற்று மட்டும் கதவை உலுக்கிக்கொண்டிருந்தது. ஸ்பிலித்துக்காரர்கள் இரண்டு பேர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"எனக்கும் விருப்பமில்ல," என்றார் தீஹோமிர். "ஆனா விதின்னு ஒன்னு இருக்கு. பத்துப் பேர் வேணும், ஏழு பேர்தான் இருக்காங்க. விதிய மீறக்கூடாதுன்னு ஒந்தீனாவே இப்பத்தானே நமக்கு இவ்வளவு குளிர்ல காட்டினாங்க."

மனிதர் சொன்னது சரிதான்.

"அப்போ மூணு பேர்தானே குறையுது?" ஜாகொதா தன் மேசைப் பக்கம் திரும்பினாள். "எங்க கிளைல லாபின்ல பொறந்தவங்க யாரு? கூச்சப்படாம எந்திரிங்க!"

ஒருவர் எழுந்தார். இன்னொருவர். பின்மேசையிலிருந்து இரண்டு பெண்கள். அப்புறம் ஓர் அப்பாவும் மகளும். எந்தக் கிளையில் இருப்பது என்பது உறுப்பினர் விருப்பம், அதுவும் விதிதான்.

"எடுத்துக்கோ," என்றாள் ஜாகொதா என்னைப் பார்த்து. "கூட ரெண்டு மூணு அனுப்பட்டுமா? எங்க கிளை சின்னதாயிட்டா அடுத்த வருஷம் பாதுகாப்பு உரை எங்களுக்கு வரும்ல?"

"அது எப்படி? அத நாங்க கேக்கலாம்னு இருந்தோம்!" என்று கதவைப் பிடித்திருந்த ஸ்பிலித்துக்காரர் கத்தினார். ஸாக்ரெப் மேசையிலும் யாரோ கை தூக்கினார்கள். நேற்றுவரை யாரும் தொடாத வேலைக்கு அடிதடி! எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"லாபின் விட்டுத்தராது," என்றேன்.

பார்பா லீபெரோவைத் தேடினேன். அவர் கதவிலிருந்து கழற்றிய கட்டையை மேடைக்கு இழுத்து வந்துகொண்டிருந்தார். மளிகைக்கடைப் பையிலிருந்து கொடியை எடுத்து, அந்தக் கட்டையிலேயே கட்டி, மேடை நடுவில் நிமிர்த்திப் பிடித்தார். பிறகு சுரங்கத்தில் இறங்குகிறவர்களுக்கு எங்கள் ஊரில் சொல்லும் ஒரே ஒரு வாழ்த்தைச் சொன்னார்.

"ஸ்ரெத்னோ!"

நல்லபடியாகப் போய் நல்லபடியாக வாருங்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். வாழ்க்கையில் சுரங்கத்தை எட்டிக்கூடப் பார்க்காத ஸாக்ரெப்காரர்கள் உள்பட அத்தனை பேரும் ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். தீஹோமிரும் சொன்னார்.

சூப் சுத்தமாக ஆறிப்போயிருந்தது. நான் இரண்டு தட்டு குடித்தேன்.