கொசுவுக்குச் சோறு போடும் மெஷின்

ஆஸ்டினுக்கு ராஜபாளையத்தில் வேலை கிடைத்தபோது, கொசுவுக்குச் சோறு போடுவதும் அதில் சேரும் என்று யாரும் சொல்லவில்லை. ஊருக்கு வெளியே ஒரு பழைய பஞ்சுக் கிட்டங்கியில் அந்தக் கொசு ஆராய்ச்சி நிலையம் இருந்தது. சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியில் தைத்த கூண்டுகளுக்குள் நோய்நொடி அண்டாமல் வளர்த்த கொசுக்கள். பெண்கொசு ரத்தம் குடித்தால்தான் முட்டையிடும். முட்டையிட்டால்தான் ஆராய்ச்சி ஓடும். அந்த ரத்தத்தைக் கொடுத்து வந்தது நிலையத்தின் தலைவி பரிபூரணம் மேடத்தின் இடது கை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும் வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்கை வரைக்கும் கூண்டுக்குள் விட்டபடி பேப்பர் படிப்பார். கொசு என்று அவர் வாயில் வராது. பிள்ளைகள் என்பார்.

தங்கை மகள் கல்யாணத்துக்கு வத்திராயிருப்பு போக வேண்டியிருக்கிறது, அந்த வாரம் உன் கையை விடு என்று அவர் சொன்னதும் ஆஸ்டின் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். தடுப்பூசி போட்ட இடத்திலேயே மயங்கி விழுந்தவன் அவன். ஆனால் கிருஷ்ணன்கோவிலில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன்.

"கைக்குப் பதிலா ஒரு மெஷின் செஞ்சிருதேன் மேடம்" என்றான்.

செய்தும்விட்டான். சோப்பு டப்பா அளவுதான். உள்ளே ரத்தம் ஊற்ற ஒரு சின்னக் கிண்ணம், அதைக் கட்டிதட்டாமல் கிளற நகத்தளவு மோட்டார், உடம்புச் சூட்டில் வைத்திருக்க ஒரு கம்பிச்சுருள், மேலே தோலைப் போல மெல்லிய சவ்வு. நேரம் வந்தால் தானே சூடாகும், முடிந்தால் தானே கழுவிக்கொள்ளும். ஆட்டு ரத்தத்துக்கு மட்டன் கடை சோலைராஜிடம் போவான். தினமும் ரத்தப்பொரியலிலேயே காலம் தள்ளுகிறானே என்று இரக்கப்பட்டு சோலைராஜ் கொஞ்சம் ஈரலையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். எல்லாம் கொசுவுக்கு என்று இவன் உண்மையைச் சொன்ன அன்றோடு ஈரல் நின்றது.

மேடம் கல்யாணத்துக்குக் கிளம்பினார். மெஷினைக் கூண்டுக்குள் வைத்தான். ஒரு கொசு கூட எட்டிப் பார்க்கவில்லை. சூட்டைக் கூட்டினான், குறைத்தான். தன் அழுக்குச் சாக்ஸை மெஷினுக்கு மாட்டிவிட்டான். குழாய் வைத்து மூச்சை ஊதினான். கொசுக்கள் துணியில் ஒட்டிக்கொண்டு, பட்டினி கிடந்து மெலிந்தன. அவை செத்தால் மேடத்தின் முகத்தில் விழிக்க முடியாது. கடைசியில் வேறு வழியில்லாமல், கண்ணை இறுக மூடிக்கொண்டு, மாதாவை வேண்டியபடி கையை உள்ளே விட்டான்.

நெடுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்து பார்த்தால் கை விட்டபடியே இருந்தது. ஒன்றும் கடிக்கவில்லை. பயந்து நடுங்கியவனுக்கு இப்போது அவமானமாகப் போய்விட்டது. பந்தியில் உட்காரவைத்து இலை போடாமல் போனது மாதிரி மனசு சுண்டியது. மேடத்துக்குப் போன் போட்டான்.

"எங் கையக்கூட சீண்ட மாட்டேங்குதுக மேடம்."

அந்தப் பக்கம் மேளச்சத்தம். "தைலம் தேச்சியாலே?"

"தைலமா?"

"எனக்குத் தோள்பட்டை வலி இருக்குல்லா. தேய்க்காம நான் கைய விட்டதே கெடையாதே."

தைல வாசத்துக்குக் கொசு ஓடும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் தலைமுறை தலைமுறையாக மேடத்தின் கையிலேயே குடித்து வளர்ந்த இந்தக் கொசுக்களுக்குத் தைலம்தான் சாப்பாட்டு வாசனை. ஆஸ்டின் மெஷினின் சவ்வைச் சுற்றி ஒரு பொட்டுத் தைலம் தடவினான். கூண்டிலிருந்த கொசு மொத்தமும் அதன்மேல் கவிழ்ந்தது. அன்று அவை குடித்த குடியில் பறக்க முடியாமல் கிடந்தன.

மூன்றாம் நாளே, மேடம் முன்பே எழுதிப் போட்டிருந்தபடி, மெஷினுக்குப் பணம் கொடுக்கலாமா என்று பார்க்க மதுரையிலிருந்து வேல்பாண்டி என்ற அதிகாரி வந்தார். வழியில் காரில் வாந்தி. தலைசுற்றல் தாங்காமல் நெற்றி நிறையத் தைலம் பூசியிருந்தார். அவர் குனிந்து கூண்டைப் பார்த்ததும் மெஷினில் மொய்த்திருந்த கொசுக்கள் அத்தனையும் அதை விட்டுவிட்டு அவர் பக்கத்துத் துணியில் வந்து அப்பின. அவர் வலப்பக்கம் நகர்ந்தார், அவையும் நகர்ந்தன. இடப்பக்கம் வந்தார், வந்தன. மெஷின் நடுவில் அனாதையாகக் கிளறிக்கொண்டிருந்தது. தொலைந்தோம் என்று ஆஸ்டின் தலையில் கை வைத்தான்.

வேல்பாண்டியோ கூண்டை முழுசாக ஒரு சுற்று சுற்றி வந்தார். கூட்டம் பின்னாலேயே வந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"வீட்லயும் சரி, ஆபீஸ்லயும் சரி, நான் கூப்பிட்டா திரும்பிப் பாக்க ஆளில்ல தம்பி" என்றார். அங்கேயே கையெழுத்துப் போட்டார். போகும்போது கூண்டுக்கு ஒரு வணக்கமும் வைத்தார்.

கல்யாணம் முடிந்து வந்த பரிபூரணம் மேடம் மெஷினை மெச்சினார். பிறகு பழக்கத்தில் வளையலைக் கழற்றிவிட்டுக் கையை உள்ளே விட்டார். வயிறு நிறைந்த கொசுக்கள் அசையவில்லை. பேப்பரை முழுக்கப் படித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"வயிறு நெறைஞ்சா பிள்ளைக அப்படித்தான்" என்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டார். தடிப்பு ஒன்றுகூட இல்லாத அந்தக் கையை நாள் முழுக்கத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஆஸ்டினுக்குப் பொறுக்கவில்லை. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மெஷினை நிறுத்திவிடுகிறான். ஏன் என்று கேட்டால் கரண்ட் இல்லை என்கிறான். திங்கட்கிழமை காலையில் மேடம் வந்து இறங்குவதற்குள் பிள்ளைகளுக்கு அகோரப் பசி.